பூட்டைத் திறந்த கை

காலையில் இருந்து வீடு முழுக்கப் பெயிண்ட் வாசனை. அந்த வாசனை வந்தாலே எனக்கு உன் ஞாபகம் வருகிறது, கூடவே எரிச்சலும் வருகிறது. இரண்டையும் தனித்தனியாகப் பிரிக்க எனக்கு இன்னும் கைவரவில்லை.

எங்கள் அசோசியேஷனில் எல்லா வீட்டு கிரில் கதவும் ஒரே நிறத்தில் இருக்க வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார்கள். காப்பிக்கொட்டை நிறமாம். பெயிண்டர் வந்து உப்புத்தாளால் என் கதவைத் தேய்த்தார். நீலம் பொடிப்பொடியாக உதிர்ந்து வாசலெல்லாம் கொட்டியது. நீ படம் எடுக்க வந்தபோது அடித்த நீலம். "கறுப்பு கேமராவுக்குப் பிடிக்காதுக்கா, வெறும் இருட்டாத் தெரியும்" என்று சொல்லி, வீட்டுக்காரியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் உன் ஆட்களை விட்டு அடிக்க வைத்தாயே, அதே நீலம்தான்.

"இன்னாக்கா இது, வெளிப்பக்கம் நீலம் கீது, உள்பக்கம் கறுப்பு கீது? பாதியில உட்டுட்டாங்களா?" என்று கேட்டார் பெயிண்டர்.

கேமரா நின்ற பக்கம் மட்டும் அடித்தார்கள் என்று அவரிடம் எங்கிருந்து ஆரம்பித்துச் சொல்வது? "ஆமாம்ப்பா, விட்டுட்டாங்க" என்றேன். நீ செய்த வேலை எல்லாமே அப்படித்தான். பார்க்கிறவர்களுக்கு எந்தப் பக்கம் தெரியுமோ அந்தப் பக்கத்துக்கு மட்டும் ஒரு பூச்சு. உள்ளே இருக்கிறவள் கறுப்பையே பார்த்துக்கொண்டு கிடக்கட்டும் என்று விட்டுவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாய்.

இன்றைக்கு உன்னோடு சண்டை போட்டே ஆக வேண்டும். ரயிலாக இருந்தால் பக்கத்தில் உட்காரவைத்துப் போட்டிருப்பேன். இப்போது எழுதித்தான் போட வேண்டும்.

நம் பழக்கமே அந்த ரயில்தானே. நெமிலிச்சேரியில் ஏறி அம்பத்தூரில் இறங்கும் வரைக்கும் லேடீஸ் பெட்டியில் ஜன்னல் ஓரத்தை எனக்குப் பிடித்து வைப்பாய். இருவரும் ஒரே எக்ஸ்போர்ட் கம்பெனி. நான் தையல், நீ செக்கிங். இரண்டு படத்தில் அசிஸ்டென்ட் டைரக்டராக இருந்து, இரண்டும் பாதியில் நின்றுபோய், வாடகைக்காக அங்கே வந்து நூல் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தாய். சட்டையைச் செக் பண்ணச் சொன்னால் அதைப் போடப் போகிறவன் எப்படி இருப்பான் என்று யோசித்துக்கொண்டு நிற்பாய். சூப்பர்வைசரிடம் நீ வாங்கிய திட்டில் பாதிக்கு நான்தான் நடுவில் விழுந்து சமாதானம் பேசினேன்.

என் வீட்டு விஷயத்தை உன்னிடம்தான் முதலில் சொன்னேன். என் அம்மாவிடம் கூடச் சொல்லவில்லை. ஆவடி ஃபேக்டரிக்குப் போய்வரும் என் வீட்டுக்காரர் கொண்டுபோகிற டிபன் டப்பா கொஞ்ச நாளாகக் கழுவித் துடைத்து வருகிறது என்று சொன்னேன். கல்யாணமான நாளில் இருந்து ஒரு டம்ளரைக் கூடக் கழுவாத மனுஷன். டப்பாவைத் திறந்தால் எலுமிச்சை வாசனை. எங்கள் வீட்டில் அந்த சோப்பே கிடையாது.

"யாரு கழுவுறது?" என்று கேட்டேன் அவரை.

"நான்தான். ஃபேக்டரில குழாய் கீதுல்ல" என்றார்.

இதை நான் சொல்லி முடித்தபோது இந்துக் கல்லூரி ஸ்டேஷன் தாண்டியிருந்தது. நீ என் கையைப் பிடித்துக்கொண்டாய். பிடித்துக்கொண்டு என்ன சொன்னாய் தெரியுமா? "அக்கா, இது சினிமாக்கா." உன் தலையில் ஒரு கொட்டு வைத்தேன். இன்னும் பலமாக வைத்திருக்க வேண்டும்.

அப்புறம் எல்லாம் வெளியே வந்தது. பட்டாபிராமில் ஒரு வீடு, அதில் ஒருத்தி, அவளுக்கும் இவருக்கும் இரண்டு வருஷப் பழக்கம். கேட்டதற்கு மறுக்கவும் இல்லை, மன்னிப்பும் கேட்கவில்லை. பையை எடுத்துக்கொண்டு அங்கேயே போய்விட்டார். என் மகள் அப்போது ப்ளஸ் டூ. பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று புத்தகத்தை முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பக்கம் திருப்புகிற சத்தமே கேட்காது.

மறு வருஷம் அதே பையோடு திரும்பி வந்தார். அங்கே என்ன ஆயிற்று என்று இன்று வரை எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. மத்தியான நேரம். காற்றுக்காக மரக்கதவைத் திறந்து வைத்து, கிரில்லைப் பூட்டியிருந்தேன். கம்பிக்கு அந்தப் பக்கம் நின்று, "தொற" என்றார். நான் வாயே திறக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் கேட்டார். வாசலில் நின்று தண்ணீர் கேட்டால் எதிரியாக இருந்தாலும் கொடுத்தாக வேண்டும், அப்படித்தான் வெள்ளானூரில் என் அம்மா வீட்டில் வளர்த்தார்கள். சின்ன டம்ளரில் முக்கால் அளவு ஊற்றி, கம்பிக்கு நடுவில் சாய்த்து நீட்டினேன். குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பிக் கொடுத்தார். நான் உள்ளே போய் கிரைண்டரைப் போட்டேன். மாவு ஆட்டி முடித்து வந்து பார்த்தபோது ஆள் இல்லை.

இதை ரயிலில் சொன்னபோது நீ ஒரு கேள்வி கேட்டாய்.

"அப்புறம் என்னக்கா பேசினீங்க?"

"ஒண்ணும் பேசல."

"ஒண்ணுமேவா? ஒரு வார்த்தை கூடவா?"

"அதான் பூட்டியிருந்துச்சே. அதுக்கு மேல இன்னா பேசணும்?"

நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். என்மேல் பரிதாபப்படுகிறாய் என்று நினைத்துக்கொண்டேன். நீ மனசுக்குள் படம் பிடித்துக்கொண்டிருந்தாய், இப்போதுதானே தெரிகிறது.

அப்புறம் நானும் கம்பெனியை விட்டுவிட்டு வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்க ஆரம்பித்தேன். நீயும் சினிமாவுக்கே திரும்பிப் போய்விட்டாய். ஒரு நாள் மைசூர்பாகு டப்பாவோடு வந்து நின்றாய். தயாரிப்பாளர் கிடைத்துவிட்டாராம், ஒரு ஃபிளாட் வேண்டுமாம், என் வீடுதான் உன் மனசில் இருக்கிறதாம். "ஒரு புருஷன் பொண்டாட்டி கதைக்கா, சின்னக் கதை" என்றாய். என்ன கதை என்று கேட்கத் தெரிந்ததா எனக்கு? வீட்டுக்கு ஆள் வருகிறார்கள் என்றால் நம் ஜனங்களுக்குத் தோன்றுகிற முதல் கேள்வி எதுவோ அதைத்தான் கேட்டேன். "எல்லாருக்கும் சாப்பாடு யாருடி செய்யறது?" நீ கட்டிப்பிடித்துக்கொண்டாய். அவ்வளவுதான், என் வீட்டை உனக்குக் கொடுத்தாயிற்று, சமையல்காரியாக நானும் சேர்ந்தாயிற்று.

முதல் நாள் ஒன்றும் புரியவில்லை. யாரோ சுவரில் விளக்கு மாட்டினார்கள், யாரோ கத்தினார்கள், கிரில்லுக்கு நீலம் பூசினார்கள். மறுநாள் நான் அடுக்களையில் சாம்பாருக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். எட்டிப் பார்த்தால், என் ஹாலில், என் நாற்காலியில், உன் படத்து நடிகை உட்கார்ந்து ஒரு டிபன் டப்பாவைத் திறந்து முகர்ந்து பார்க்கிறாள். நீ கேமராவுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாய். என் குடும்பம் நாறிப்போன கதைக்கு என் வீட்டிலேயே ஷூட்டிங். அதற்கு என் கையாலேயே சாம்பார்.

கரண்டியும் கையுமாக உன்னைப் பால்கனிக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

"இன்னாடி இது?"

"உங்க பேரு இல்லக்கா. ஊரு கூடச் சொல்லல."

"ஊரு சொல்லலையா? என் ஊட்டுலயே எடுத்துகினு கீற, ஊரு சொல்லலையாம்."

நீ சிரித்துவிட்டாய். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்த இடத்தில் நான் சிரிக்காமல் இருந்திருந்தால் உன்னை மூட்டை முடிச்சோடு கீழே அனுப்பியிருப்பேன். நீ விடவில்லை. "உங்களுக்கு நடந்தது உங்களுக்கு மட்டும்தான் நடந்துச்சுன்னு நினைக்கிறீங்களாக்கா? நம்ம பெட்டியில வர்றவங்கள்ல எத்தனை பேரு வாயைத் திறக்காம உக்காந்திருக்காங்க, உங்களுக்கே தெரியும்" என்றாய். சாம்பார் அடிபிடிக்கிறது என்று சொல்லி உள்ளே போய்விட்டேன்.

ஒன்று கேட்க வேண்டும். கதையில் இருந்து என் மகளை ஏன் எடுத்துவிட்டாய்? உன் படத்தில் அந்தப் பெண்ணுக்குக் குழந்தையே இல்லை. கேட்டால், "இன்னொரு ஆர்ட்டிஸ்டுன்னா நாள் இழுக்கும்க்கா" என்றாய். படத்தைப் பார்த்துவிட்டு என் மகள் சொன்னது உனக்குத் தெரியாது. "நீ, அப்பா, டப்பா, பூட்டு எல்லாம் இருக்கும்மா. நான் மட்டும்தான் இல்ல" என்றாள். விளையாட்டாகச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். அன்றைக்கு அவள் சாப்பிடவில்லை.

கடைசிக் காட்சி எடுத்த நாளுக்கு வருகிறேன். அதுதான் என் நெஞ்சில் முள்.

புருஷன் திரும்பி வருகிறான், கிரில்லுக்கு வெளியே நிற்கிறான். சரி, தண்ணீர் கொடுக்கப்போகிறாள் என்று நான் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். அந்தப் பெண் சாவியை எடுத்துக்கொண்டு வருகிறாள்.

"நான் திறக்கலையே" என்றேன் உன் காதில்.

"தெரியும்க்கா."

"பின்ன?"

"தயாரிப்பாளர் ஒத்துக்க மாட்டேங்கிறாரு. பூட்டிக்கிட்டே படம் முடிஞ்சா ஜனங்களுக்கு மூச்சு முட்டுமாம். ஆனா நான் அதுக்கு அப்புறம் ஒண்ணு வெச்சிருக்கேன். பாருங்களேன்."

அந்தப் பூட்டு லேசில் திறக்காது. சாவியைப் போட்டு, பூட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் அழுத்தித் திருப்ப வேண்டும். பாவம் அந்த நடிகை, நகம் உடைந்ததுதான் மிச்சம். பகல் வெளிச்சம் போய்க்கொண்டிருக்கிறது என்று ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ என்னைப் பார்த்தாய். "அக்கா, உங்க கை மட்டும்" என்றாய். நடிகையின் வளையலை எனக்கு மாட்டிவிட்டாய். கேமராவைக் கம்பிக்கு வெளியே கிட்டத்தில் கொண்டுவந்து வைத்தார்கள்.

"என் சுண்டு விரல் கோணலா இருக்கும்டி, நல்லாருக்காது" என்றேன்.

"அந்த விரலுக்காகத்தான் கேக்கிறேன். கோவம் மூஞ்சில இருந்தா அது நாடகம்க்கா. கையில இருந்தாதான் சினிமா."

என்னவோ பெரிய வார்த்தை சொல்லிவிட்டாய் என்று நானும் போய் நின்றேன். எனக்கு வேண்டியதெல்லாம் பூட்டு உடையாமல் இருக்க வேண்டும். திறந்தேன். ஒரே தடவைதான். எல்லாரும் கைதட்டினார்கள். வளையலைக் கழற்றிக் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் காப்பி போட உள்ளே போய்விட்டேன். அதற்கு அப்புறம் நீ என்ன வைத்திருந்தாயோ, அதை எடுத்தபோது நான் பால் பொங்கிவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

தியேட்டரில் பார்த்தபோதுதான் தெரிந்தது, அதற்கு அப்புறம் ஒன்றுமே இல்லை என்று. திரை முழுக்க என் கை. கோணல் விரல் பூட்டைத் திருப்புகிறது. கிரில் திறக்கிறது. புல்லாங்குழல் வாசிக்கிறார்கள். படம் முடிந்துவிட்டது. எனக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த ஆள், "பொம்பளைன்னா இப்டி இருக்கணும்" என்று பெண்டாட்டியிடம் சொன்னார். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நீ படியில் துரத்திக்கொண்டு வந்தாய். "வெட்டிட்டாங்கக்கா, என்கிட்ட சொல்லாமலே வெட்டிட்டாங்க" என்று அழுதாய். நான் ஆட்டோவில் ஏறிவிட்டேன். அன்றைக்கு நான் ஏறியது சரிதான், அதில் எனக்கு மறுபேச்சு இல்லை.

அப்புறம் உன் தம்பி போன் செய்து ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பதாகச் சொன்னான். கோபம் எங்கே போனது என்று தெரியவில்லை, மூன்று பஸ் மாறி ஓடி வந்தேன். உன்னைப் பார்த்ததும் அடையாளமே தெரியவில்லை. தலையில் துணி கட்டிக்கொண்டு, தலையணையோடு தலையணையாகக் கிடந்தாய். என்னைக் கண்டதும், "மாவு கொண்டு வரலையாக்கா?" என்று கேட்டாய். எனக்கு உன்னை அறையவா அணைக்கவா என்று தெரியவில்லை.

"அந்தக் கதவு திறந்ததுக்கு அப்புறம் ஒரு வசனம் இருந்துச்சுக்கா. ஒரே ஒரு வசனம். அதுக்காகத்தான் அந்தப் படத்தையே எடுத்தேன்" என்றாய்.

"இன்னாடி வசனம்?"

நர்ஸ் வந்துவிட்டாள். ஸ்கேனுக்குக் கூட்டிப் போக வேண்டுமாம். சக்கர நாற்காலியில் ஏறிக்கொண்டு, "அப்புறம் சொல்றேன், உக்காருங்க" என்றாய். உட்கார்ந்திருந்தேன். நீ திரும்பி வந்தபோது மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தாய். அடுத்த தடவை நான் வந்தபோது பேசுகிற நிலையிலேயே நீ இல்லை. அதற்கடுத்து நான் வந்தது மாலையோடுதான்.

உன்னைப் போல ஒரு அரைகுறையை நான் பார்த்ததில்லை. கதவில் ஒரு பக்கம் பெயிண்ட், படத்தில் பாதிக் கதை, ஆஸ்பத்திரியில் பாதிப் பேச்சு. அந்த நடிகைக்கே போன் செய்து கேட்டேன். நல்ல பெண். "நிறைய டேக் போச்சும்மா. ஒவ்வொரு டேக்குக்கும் அவங்க வேற வேற வசனம் சொல்லச் சொன்னாங்க. எது கடைசின்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள். நான் என்ன செய்ய முடியும், சொல்.

தியேட்டரில் வந்தபோது அந்தப் படத்தை இந்தப் பக்கம் ஒருவரும் சீந்தவில்லை. நீ போன பிறகு அது செல்போனில் வந்தது. அன்றைக்குப் பிடித்தது எனக்குச் சனி. அசோசியேஷன் வாட்ஸப் குரூப்பில் யாரோ போட்டுவிட, மாவு வாங்க வருகிறவர்கள் எல்லாம் முதலில் கிரில்லைப் பார்க்கிறார்கள், அப்புறம்தான் மாவைப் பார்க்கிறார்கள். மேல் மாடியில் மதுரைக்காரப் பெண், ஐடியில் வேலை. "ஆன்ட்டி, உங்க வீடுதான? அந்தக் கடைசி சீன்ல அழுதுட்டேன் ஆன்ட்டி. எப்படித்தான் மன்னிக்க முடியுதோ" என்றாள். பாக்கெட்டைக் கையில் கொடுத்து, "புளிச்சிடும், சீக்கிரம் ஃபிரிட்ஜ்ல வெய்ம்மா" என்று அனுப்பினேன்.

நாத்தனார் திருநின்றவூரில் இருந்து போன் செய்தாள். "சினிமாவுல தொறந்துட்ட. நெசத்துல மட்டும் இன்னாத்துக்கு வீம்பு? அவன் கறிவேப்பிலை மாறி தனியா கெடக்குறான்" என்றாள். வெட்கத்தைவிட்டுச் சொல்கிறேன், போனை வைத்துவிட்டு ஓவென்று அழுதேன். என் வீடு இது. வெள்ளானூரில் அம்மா பங்குக்கு வந்த துண்டு நிலத்தை விற்று என் பேரில் வாங்கிய வீடு. என் வாசலில் யார் வரலாம், வரக்கூடாது என்று சொல்ல எனக்கு இருந்த ஒரே உரிமையை, ஊரே பார்க்க, என் கையை வைத்தே நீ எடுத்துக்கொண்டுவிட்டாய். நான் பூட்டியே வைத்திருந்தது யாருக்கும் தெரியாது. திறந்தது எல்லாருக்கும் தெரியும்.

சரி, இன்றைய விஷயத்துக்கு வருகிறேன்.

பெயிண்டர் இரண்டு பக்கமும் அடித்து முடித்துவிட்டு, "சாயங்காலம் வரிக்கும் மூடிடாதீங்கக்கா. மூடினா ஒட்டிக்கும், அப்பால என்னைத் திட்டக்கூடாது" என்று கிரில்லைச் சுவர் பக்கமாகத் திறந்து வைத்து, பக்கத்து வீட்டுக்குப் போய்விட்டார். மகள் ஆபீஸ் போயிருந்தாள். நான் வாசலுக்கு நேராக உட்கார்ந்து உளுந்து களைந்துகொண்டிருந்தேன். அந்த வாசல் இவ்வளவு நேரம் கம்பி இல்லாமல் கிடந்து நான் பார்த்ததே இல்லை. துணி இல்லாமல் நிற்பது மாதிரி இருந்தது.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நிமிர்ந்து பார்த்தால் அந்த மனுஷன். தலை நரைத்துவிட்டது. கையில் பை இல்லை. அவர் என்னைப் பார்க்கவில்லை, திறந்து கிடக்கிற கிரில்லைத்தான் பார்த்தார். அவர் முகம் மலர்ந்ததே, அதை நீ பார்த்திருக்க வேண்டும்.

"தொறந்து வெச்சிகினு கீற" என்றார்.

"பெயிண்ட் காயுது."

"படம் பார்த்தேன்."

"ஊரே பார்த்துச்சு."

பிறகு என் கையைப் பார்த்தார். நான் உளுந்துப் பாத்திரத்துக்குள் கையை விட்டுக்கொண்டேன்.

"அந்தக் கை உன்னுதுதான? மூஞ்சி அந்தப் பொண்ணோடது. கை உன்னுது. எனக்குத் தெரியாதா அந்த வெரலு?"

இதற்கு நான் தயாராக இல்லை. கல்யாணமான புதிதில் தீபாவளி மாவு ஆட்டும்போது கிரைண்டர் கல்லில் மாட்டி நசுங்கிய விரல் அது. தன் புதுச் சட்டையைக் கிழித்துக் கட்டி, சைக்கிளில் வைத்து, ஆவடி பெரிய ஆஸ்பத்திரி வரைக்கும் மூச்சிரைக்க மிதித்துக்கொண்டு போனது இந்த மனுஷன்தான். வழியெல்லாம் அழுதது நான் இல்லை, அவர்தான். அந்த மனுஷனும் இந்த மனுஷனும் ஒரே ஆள் என்பதுதான் எனக்கு இத்தனை வருஷமாகத் தொண்டையில் இறங்காத கவளம். அதை உன்னிடம் கூட நான் சொன்னதில்லை. சொல்லியிருந்தால் அதையும் படத்தில் வைத்திருப்பாய்.

"கை தொறந்துச்சு. அதான் வந்தேன்" என்றார். பிறகு, "கொஞ்சம் தண்ணி குடு" என்றார்.

எழுந்து போய்த் தண்ணீர் மொண்டு வந்தேன். பெரிய டம்ளரிலேயே, ததும்பத் ததும்ப. சாய்க்க வேண்டிய அவசியம் இல்லையே. நேராக அவர் கையில் கொடுத்தேன். குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டே செருப்பைக் கழற்றினார். ஒரு காலைத் தூக்கி வாசற்படி மேல் வைத்தார்.

பூட்டைத் தேடி என் கை போயிற்று. அங்கே காற்றுதான் இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அன்றைக்கும் சரி, அதற்கு முன்னால் டப்பா விஷயத்திலும் சரி, நான் அந்த மனுஷனிடம் வேண்டாம் என்று சொன்னதே இல்லை. கிரில் சொன்னது. கிரைண்டர் சத்தம் சொன்னது. என் வாய் சொன்னதில்லை. "ஒண்ணுமேவா? ஒரு வார்த்தை கூடவா?" என்று நீ ரயிலில் கேட்டாயே, அது என் காதுக்குள் கேட்டது.

"உள்ள வராதீங்க" என்றேன்.

அவர் காலை எடுக்கவில்லை. "தொறந்துதான கீது" என்றார்.

"கதவு திறந்துதான் இருக்கு. நான்தான் வேணாங்கறேன்."

கத்தவில்லை. அழவில்லை. பக்கத்து வீட்டில் பெயிண்டரின் பிரஷ் சத்தம் நின்றுவிட்டது, அவருக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும். அந்த மனுஷன் என் முகத்தையே பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, நான் என்ன சொல்வேனோ என்று காத்திருந்து பார்த்தார். பிறகு படியில் இருந்து காலை எடுத்தார். தடுமாறிக் கிரில்லைப் பிடித்துக்கொண்டதில் உள்ளங்கை முழுக்கப் பெயிண்ட்.

"பொண்ணு?" என்றார்.

"ஆபீஸ்ல. அவ நம்பர் உங்ககிட்ட கீதே. அவளைப் பார்க்கணும்னா வெளிய பாருங்க. அதை நான் தடுக்கல. இங்க வேணாம்."

டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு, பெயிண்ட் ஒட்டிய கையை உடம்பில் படாமல் தூக்கிப் பிடித்தபடியே படியிறங்கிப் போனார். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். களைந்த உளுந்தை மறுபடி களைந்தேன். என்ன செய்கிறேன் என்றே தெரியவில்லை.

அந்த நேரத்தில் எனக்குத் தேவைப்பட்டது நீ ஒருத்திதான். நெமிலிச்சேரியில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, "இன்னைக்கு இன்னா ஆச்சு தெரியுமாடி" என்று ஆரம்பிக்க வேண்டும். நீ மூச்சுவிடாமல் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு, "அக்கா, இது சினிமாக்கா" என்று சொல்ல வேண்டும். நான் உன் தலையில் கொட்ட வேண்டும். எல்லாவற்றையும் பாதியில் விட்டுவிட்டுப் போனவளே, இதையாவது இருந்து கேட்டிருக்கக் கூடாதா?

சாயங்காலம் மகள் வந்தாள். கிரில்லை நகத்தால் தொட்டுப் பார்த்து, "காஞ்சிடுச்சும்மா, பூட்டட்டுமா?" என்றாள். நடந்ததைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்பதையும் அப்படியே சொன்னேன். அவள் வாசலில் கிடந்த அந்த டம்ளரை எடுத்துக்கொண்டு போய், தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

என் கோணல் விரலில் காப்பிக்கொட்டை நிறம் ஒட்டியிருக்கிறது. எப்போது தொட்டேன் என்று தெரியவில்லை. மண்ணெண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. அந்த விரலோடுதான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குத் தெரிய வேண்டும். நீ எழுதி, அவர்கள் வெட்டிப் போட்ட வசனம், நான் இன்றைக்கு வாசலில் சொன்ன இதுதானா? அந்த நடிகையைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாயே, அதில் ஏதாவது ஒரு டேக்கில் இது இருந்ததா? இல்லை, உனக்கே தெரியாமல்தான் வேறு வேறாகச் சொல்லிப் பார்த்தாயா? அன்றைக்கே என்னிடம் சொல்லியிருந்தால் மனப்பாடம் செய்து வைத்திருப்பேன், களைந்த உளுந்தையே மறுபடி களைந்துகொண்டு உட்கார்ந்திருக்க மாட்டேன். கடைசியில் அதையும் நானேதான் சொல்ல வேண்டியதாகப் போயிற்று.